பிடிக்குள்ளே ஒரு பெயர்

"சப்பான்காரன் காலத்திலே..." என்று பெரியவர்கள் பேச்சைத் தொடங்கினால் போதும், லயத்து வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது, கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தியது, வாழைமரம் அச்சடித்த நோட்டு ஒரே நாளில் வெறுங்காகிதமானது என்று கதைகள் பல உண்டு. அந்தக் கதைகளிலெல்லாம் தவறாமல் தலைகாட்டும் பொருள் ஒன்றும் உண்டு. அதிகாரியின் இடுப்பிலே தொங்கிய நீண்ட வாள்!

வாள் இருந்தது என்று சொன்னார்களே தவிர, அது எப்படிப்பட்ட வாள், அதற்கு என்னென்ன உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பயந்து நிற்பவன் கண் ஆயுதத்தின் வேலைப்பாட்டையா பார்க்கும்?

இன்று அந்தப் பயம் நமக்கில்லை. நிதானமாக அந்த வாளைக் கையிலெடுத்து, நுனியிலிருந்து அடிவரை பார்க்கலாம். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் அதன் பிடிக்குள்ளே ஒரு பெயர் ஒளிந்திருப்பது தெரியவரும். அந்தப் பெயரிடம்தான் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

அரிவாளும் கிரிசும் கத்தானாவும்

சுங்கைப் பட்டாணியிலிருந்து தெற்கே, பினாங்கு மாநில எல்லையை நோக்கிப் போகும் பழைய சாலையில் இருக்கிறது திகாம் பத்து. மலாய் மொழியில் 'திகாம்' என்றால் குத்துதல். 'பத்து' என்றால் கல். மலாய்க்காரர்களின் கிரிஸ் குத்துவதற்கென்றே பிறந்த ஆயுதம். அதனால்தான் அதன் இரு பக்கமும் கூர், நுனியும் கூர்.

நம் முனியாண்டி கோவில் அரிவாளைப் பாருங்கள். அது வளைந்திருக்கும், வளைவின் உட்பக்கத்தில் கூர் இருக்கும். இழுத்து அறுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. ஜப்பானிய வாளும் வளைந்ததுதான். ஆனால் அதன் கூர் வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஓங்கி வீசும்போது கூர்விளிம்பு பட்ட இடத்தில் வழுக்கிக்கொண்டே போய் வெட்டும். இந்த வளைவுக்கு 'சோரி' என்று பெயர்.

நீளத்தை வைத்து மூன்று வகையாக அவர்கள் பிரிக்கிறார்கள். 'ஷாக்கு' என்பது அவர்களின் பழைய அளவு; சுமார் 30.3 சென்டிமீட்டர், ஏறத்தாழ நம் ஓர் அடி. அலகின் நீளம் 2 ஷாக்குவும் அதற்கு மேலும் இருந்தால் அது நீண்ட வாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது 'வாக்கிசாஷி'. ஒரு ஷாக்குவுக்கும் குறைவானது 'தான்தோ' என்னும் குத்துவாள்.

நீண்ட வாளிலும் இரு வகை உண்டு. கூர் பூமியைப் பார்க்க, இடுப்பிலிருந்து தொங்கவிடுவது 'தாச்சி'. குதிரைமேல் போர் செய்த காலத்து வாள் அது. கூர் வானத்தைப் பார்க்க, இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்வது 'கத்தானா'. உருவும்போதே வெட்டு விழவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நீண்ட வாளும் வாக்கிசாஷியும் சேர்ந்த ஜோடிக்கு 'தைஷோ' என்று பெயர். பெரியதும் சிறியதும் என்று பொருள். அந்த ஜோடியை அணியும் உரிமை சாமுராய் குலத்துக்கு மட்டுமே இருந்தது.

அலகின் அங்கங்கள்

வாளின் நுனிப்பகுதிக்கு 'கிஸ்ஸாக்கி' என்று பெயர். அலகையும் நுனியையும் பிரித்துக் காட்டும் குறுக்குக் கோடு 'யோக்கோத்தே'. கூர்விளிம்பு 'ஹா'. எதிர்ப்பக்கத்து முதுகு 'முனே'. இரண்டுக்கும் நடுவே அலகின் நெடுக ஒரு மேடு ஓடும். வீட்டுக் கூரையின் முகடு போல. அதற்கு 'ஷினோகி' என்று பெயர்.

சில வாள்களில் முதுகை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அது இரத்தம் வழிந்தோடுவதற்கு என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மை அதுவல்ல. 'ஹி' எனப்படும் அந்தப் பள்ளம் வாளின் எடையைக் குறைப்பதற்காக வெட்டப்படுவது. வளையாமல் நிற்கும் வலிமையைப் பெரிதும் இழக்காமலேயே அலகு இலேசாகிவிடுகிறது.

இனி, வாளின் அழகு எல்லாம் எங்கே இருக்கிறது தெரியுமா? கூர்விளிம்பை ஒட்டிப் பனிமூட்டம் போல வெண்மையாக ஓடும் ஒரு கோட்டில். அதுதான் 'ஹாமோன்'. சில வாள்களில் நேர்க்கோடாக இருக்கும். சிலவற்றில் கடலலை போலவும் கிராம்புப் பூ மொட்டுகளின் வரிசை போலவும் இருக்கும். இது வரைந்த ஓவியமன்று; இரும்புக்குள்ளேயே உண்டான மாற்றம்.

அந்த இரும்பின் கதையையும் கேளுங்கள். ஜப்பானில் இரும்புக் கல் அதிகம் கிடைக்கவில்லை. ஆற்றிலும் மலைச்சரிவிலும் கிடைத்த கருமணலை, களிமண்ணால் கட்டிய 'தத்தாரா' என்னும் உலையில் மரக்கரியோடு சேர்த்து மூன்று நாள் இரவும் பகலும் எரிப்பார்கள். அதிலிருந்து கிடைக்கும் எஃகுக்கு 'தமஹகானே' என்று பெயர். ஷிமானே மாநிலத்தில் அப்படிப்பட்ட உலை ஒன்று 1977இல் மீண்டும் மூட்டப்பட்டது.

மண் உலையும் மரக்கரியும் நமக்கும் அந்நியமல்ல. நம் கெடாவில் பீடோங், மெர்போக் பக்கத்திலுள்ள சுங்கை பத்துவில் பழங்காலத்து இரும்பு உருக்கு உலைகளையும், காற்று ஊதப் பயன்பட்ட மண்குழாய்களையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலார் அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். மண்ணையும் நெருப்பையும் வைத்து இரும்பு காய்ச்சிய கைகள் நம் ஊரிலும் இருந்திருக்கின்றன.

எஃகைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, மடித்து, மறுபடி அடித்து, மறுபடி மடித்துப் பத்து முதல் பதினைந்து தடவை இப்படிச் செய்வார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரண்டு மடங்காகும். ஒரே துண்டைப் பதினைந்து முறை மடித்தால் 32,768 அடுக்குகள்! மரப்பலகையின் ரேகைபோல அலகில் தெரியும் இந்த அடுக்கின் வரிகளுக்கு 'ஹாடா' என்று பெயர். தோல் என்பது பொருள்.

பிறகு வருவதுதான் உயிரான வேலை. வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், கூர்விளிம்பில் மெல்லியதாகவும் பூசுவார்கள். நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். மண் மெல்லியதாக உள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிவிடும். மண் தடிப்பாக உள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து, முறியாமல் தாங்கும் தன்மையோடு நிற்கும். விளிம்பு விரிவடைவதால் வாள் தானே வளைந்தும் கொடுக்கும். கடினமும் மென்மையும் சந்திக்கும் அந்த எல்லைதான் ஹாமோன் கோடு.

பிடியும் உறையும்

அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள தட்டு 'ட்சுபா'. கை வழுக்கிக் கூரின்மேல் போய்விடாமல் காப்பதும், வாளின் எடையைச் சமனாக்குவதும் அதன் வேலை. அதன் இரு புறமும் இருக்கும் மெல்லிய வளையத் தகடுகள் 'செப்பா'. அலகின் அடியில் கவ்விக்கொண்டிருக்கும் உலோகப் பட்டை 'ஹபாக்கி'. உறைக்குள் வாள் ஆடாமலும், தலைகீழாகப் பிடித்தாலும் நழுவி விழாமலும் அதுதான் பிடித்துக்கொள்கிறது.

பிடிக்கு 'ட்சுகா' என்று பெயர். மரத்தாலானது. அதன்மேல் திருக்கை மீனின் தோலைப் போர்த்துவார்கள். அந்தத் தோலின் சொரசொரப்பு, சுற்றிக் கட்டும் நாடாவை நகரவிடாது. நாடா மாறி மாறிக் குறுக்கே ஓடுவதால் இடையிடையே வைரக்கட்டம் போலத் தோல் தெரியும். நாடாவுக்கு அடியில் செருகியிருக்கும் சிறு சிற்பங்கள் 'மெனுக்கி'. பிடியின் முனையில் உள்ள குமிழ் 'கஷிரா'. தலை என்று பொருள்.

உறை 'சாயா'. 'ஹோ' என்னும் மென்மையான மரத்தைக் குடைந்து செய்து அரக்குப் பூசுவார்கள். உறையின் வாய்க்கு 'கோய்குச்சி' என்று பெயர். கெண்டை இனத்து மீன் ஒன்றின் வாய் என்று பொருள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்! உறையைக் கச்சையோடு கட்டும் கயிறு 'சாகேயோ'.

இவ்வளவு பாகங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? இரும்பாணியா? திருகாணியா? இரண்டுமில்லை. சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத ஒரு மூங்கில் முளை! 'மெகுகி' என்பது அதன் பெயர். பிடியையும் அதற்குள் இருக்கும் இரும்பையும் ஊடுருவி நிற்கிறது அது. அந்த மூங்கில் முளை ஒடிந்தால் அலகு பிடியைவிட்டுப் பறந்துவிடும். எவ்வளவு பெரிய வீரனானாலும் அவன் உயிர் அந்தச் சிறு முளையில்தான் தொங்கியது.

குடும்பப் பேச்சில் வாள்

வாளின் அங்கங்கள் ஜப்பானியரின் அன்றாடப் பேச்சிலும் புகுந்துவிட்டன. நம்மில் "கத்தி முனையில் நடப்பது" என்கிறோமே, அதுபோல.

இருவருக்கு ஒத்துப்போகவில்லையென்றால் "சோரி சேரவில்லை" என்பார்கள். வாளின் வளைவும் உறையின் வளைவும் ஒன்றாக இல்லாவிட்டால் வாள் உள்ளே போகுமா? கோபித்துக்கொண்டு பிரிந்திருந்த கணவனும் மனைவியும் மறுபடி ஒன்று சேர்ந்தால், "பழைய உறைக்குள் அடங்கியது" என்பார்கள். கடும் போட்டிக்கு "ஷினோகியைச் சீவிக்கொள்வது" என்று பெயர். இரு வாள்களின் முகடுகள் ஒன்றோடொன்று உரசித் தேயும் அளவுக்குச் சண்டை என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கு நம் மனத்தில் நிற்கவேண்டியது. தன் செயலால் தனக்கே கேடு வந்தால், "தன் உடம்பிலிருந்தே வந்த துரு" என்பார்கள். வாளை அழிக்கும் துரு வெளியேயிருந்து வருவதில்லை, வாளிலிருந்தேதான் வருகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே!

கெடாவுக்கு வந்த வாள்

1876ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு ஒரு சட்டம் போட்டது. இராணுவத்தார், காவலர் போன்றோரைத் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் அணியக்கூடாது என்றது. பரம்பரையாக வாள் அடித்த கொல்லர் பலர் தொழிலை இழந்து கத்தரிக்கோலும் சமையற்கத்தியும் செய்யப் போனார்கள். ஆனால் இராணுவம் வளர வளர வாளுக்குத் தேவை திரும்பி வந்தது. 1934இல் பழைய தாச்சியின் வடிவத்தைப் பின்பற்றி அதிகாரிகளுக்குப் புதிய இராணுவ வாள் வந்தது. 1935இல் சார்ஜன் போன்ற கீழ்நிலை அதிகாரிகளுக்கென்று இன்னொன்று வந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் ஜித்ராவில் போர். டிசம்பர் 13இல் அலோர் ஸ்டார் வீழ்ந்தது. பிறகு குரூணில் போர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. கெடாவை 1943 அக்டோபரில் ஜப்பானியர் சயாமிடம் கொடுத்தார்கள். ஆனாலும் அவர்களுடைய படை இங்கேதான் இருந்தது.

நம் முன்னோர் கண்ட வாள்கள் இந்த இராணுவ வாள்களே. சாதாரணச் சிப்பாய்க்கு வாள் கிடையாது. துப்பாக்கி முனையில் செருகும் சனியன் மட்டுமே உண்டு. கீழ்நிலை அதிகாரிகளின் வாள் இயந்திரத்தில் செய்தது. பிடிகூட வார்ப்பு உலோகம். நாடா சுற்றியதுபோல் அச்சில் வார்த்து வண்ணம் பூசியிருப்பார்கள். அலகில் வரிசை எண் பொறித்திருக்கும். மேலதிகாரிகள் தம் வாளைத் தாமே காசு கொடுத்து வாங்கினார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை தமஹகானே எஃகால் ஆனவையல்ல. தொழிற்சாலை எஃகை எண்ணெயில் தோய்த்துச் செய்தவை. பிடியில் தொங்கிய குஞ்சத்தின் நிறம் பதவியைச் சொல்லும். பழுப்போடு நீலம் சேர்ந்தால் கேப்டன் வரையிலான அதிகாரி. சிவப்பு சேர்ந்தால் மேஜர் முதல் கர்னல் வரை. பொன்னிறமும் சேர்ந்தால் ஜெனரல்.

ஆனால் சில அதிகாரிகள் தம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த பழைய வாளுக்கு இராணுவப் பிடியும் உறையும் மாட்டிக் கொண்டுவந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றே. எது கொல்லன் வாள், எது தொழிற்சாலை வாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காம்பிலே எழுதிய ஜாதகம்

மூங்கில் முளையைத் தட்டி வெளியேற்றிப் பிடியைக் கழற்றவேண்டும். பிடிக்குள் செருகியிருக்கும் இரும்பு வால் அப்போது வெளிப்படும். அதற்கு 'நாக்காகோ' என்று பெயர். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துக்குக் காம்பு, தண்டு என்று பொருள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்தக் காம்பைத் தீட்டுவதில்லை, துடைத்துப் பளபளப்பாக்குவதுமில்லை. நூற்றாண்டுக் கணக்கான துரு அப்படியே இருக்கும். அந்தத் துருவின் நிறமே வயதைக் காட்டும் சாட்சி. அரத்தால் இழைத்த கோடுகள் எந்தப் பட்டறையின் வழக்கம் என்று காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும். ஒரு பக்கம் கொல்லனின் பெயரும் ஊரும். சிலவற்றில் மறுபக்கம் செய்த ஆண்டும் மாதமும். இதற்கு 'மேய்' என்று பெயர். எல்லா வாளிலும் எழுத்து இருக்காது. பெயரில்லாமலே புகழ்பெற்ற வாள்களும் உண்டு. போர்க்காலத் தொழிற்சாலை வாளிலோ சிறு முத்திரை ஒன்று குத்தியிருக்கும். ஆக, வாளின் ஜாதகம் பிடிக்குள் மறைந்த அந்தக் காம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பழைய வாள் எதையாவது நீங்கள் எங்கேனும் பார்க்க நேர்ந்தால் நினைவில் வையுங்கள்: அலகை விரலால் தடவக்கூடாது, வியர்வையின் உப்பு துருவை வரவழைக்கும். காம்பின் துருவை மணற்காகிதத்தால் தேய்ப்பது, ஜாதக ஓலையை அடுப்பில் போடுவதற்குச் சமம்.

பெயருள்ள வாளும் பெயரற்ற மனிதரும்

1945 நவம்பர் 30ஆம் நாள் சைகோன் நகரில், தென்பகுதி ஜப்பானியப் படைகளுக்கெல்லாம் தலைவராக இருந்த மார்ஷல் தெராவுச்சி தம் வாள்களை மவுண்ட்பேட்டன் பிரபுவிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய அதிகாரிகள் எல்லோர் கண்ணெதிரிலும் வாளை ஒப்படைத்தே தீரவேண்டும் என்று மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார். வாளைக் கொடுப்பது மானத்தைக் கொடுப்பது என்பது அவருக்குத் தெரியும். தெராவுச்சி தந்த வாள்களில் ஒன்றான வாக்கிசாஷி 1413ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்து நூற்றாண்டு கடந்த அந்த வாள் இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் பத்திரமாக வைக்கப்பட்டது. தெராவுச்சி 1946 ஜூன் மாதம் நம் மலாயாவில், ஜொகூர் ரெங்கத்தில் காவலில் இருந்தபோது இறந்தார். சிங்கப்பூரின் ஜப்பானியர் இடுகாட்டில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

இந்தத் தெராவுச்சியின் படைத்தலைமையின் கீழ்தான் சயாம் மரண இரயில் பாதை போடப்பட்டது. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்டவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டதாகப் போருக்குப் பின் எடுத்த கணக்குச் சொல்கிறது. அவர்களில் மிகப் பலர் தோட்டப்புறத் தமிழர். வேலை மூன்று மாதம், நல்ல சம்பளம் என்று நம்பிப் போனவர்களும் உண்டு. வலுவில் லாரி ஏற்றப்பட்டவர்களும் உண்டு. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டார்கள்.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் இடுகாட்டில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு, வயது உண்டு, படைப்பிரிவு உண்டு. நம்மவர்களை மூங்கில் காட்டில் புதைத்தார்கள், எரித்தார்கள். மொத்தமாகக் குழியில் தள்ளினார்கள். யார் பெயரை யார் எழுதினார்கள்? 2023ஆம் ஆண்டில்தான் காஞ்சனபுரியிலுள்ள பௌத்த ஆலயம் ஒன்றில் அவர்களுக்காக நடுகல் எழுப்பப்பட்டது.

முன்பு நம் நாட்டில் நடுகல் நடும்போது, விழுந்த வீரனின் உருவத்தைக் கையில் ஆயுதத்தோடு செதுக்கி, பெயரையும் ஊரையும் வெட்டிவைப்பார்கள். சயாமுக்குப் போனவர்கள் கையில் ஆயுதம் இருந்ததில்லை. மண்வெட்டியும் கூடையும்தான் இருந்தன. அவர்கள் பெயர்ப்பட்டியலும் முழுமையாக எங்கும் இல்லை.

1413இல் ஒரு வாளைச் செய்தவன் இரும்பையும் உழைப்பையும் போட்டான். அது அறுநூறு ஆண்டுக்குப் பிறகும் தன் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1943இல் மாண்ட நம் பாட்டனின் பெயர் எண்பது ஆண்டுகளிலேயே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது நியாயமா?

கல்லும் உளியும் வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு போனார் என்று தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். தெரிந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். வாளின் காம்பில் இருப்பதும் இவ்வளவுதான்: ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் ஆண்டு.